செக்கு எது, செக் எது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும், நடுவில் கடந்துபோன மினி பஸ் ஹாரனையும் எடுத்துவிட்டேன். மற்றபடி பேசியதுதான்.)

இந்த வார எபிசோடை ஊர்ல இருந்து பதிவு பண்றேன். தளவாய்புரம். ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்கால மலை தெரியுற ஊர். தெரியாதவங்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன்: உங்க வீட்ல இருக்கிற நைட்டியில ஏதோ ஒண்ணு எங்க ஊர்ல தைச்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தெருவுக்குத் தெரு தையல் யூனிட். எங்க வீட்டு முன்பக்கமும் அப்படி ஒரு சின்ன யூனிட்தான். பின்னாடி கடகடன்னு கேக்குறது ஓவர்லாக் மெஷின், உங்க ஹெட்செட் கோளாறு இல்ல.

நேத்து ஒரே நாள்ல ஒரே சொல்லை ஆறு அர்த்தத்துல கேட்டேன். காலையில அம்மா, "பூப்போட்ட லாட்டுக்கு செக்கிங் முடிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. பத்து மணிக்கு அப்பா, "செக் போட்டுட்டு வந்துர்றேன்"னு பேங்க்குக்கு வண்டியை எடுத்தார். கட்டிங் மாஸ்டர், செக்டு துணி வந்தாலே தலைவலின்னு புலம்பினார். கட்டத்தோட கட்டம் சேர்த்து வெட்டணும், துணி வீணாகும். மதியம் பேப்பரைப் பிரிச்சா, ஒரு கட்சித் தலைவர் இன்னொருத்தருக்கு 'செக்' வைத்தார்னு தலைப்பு. சாயங்காலம் சித்தப்பா பசங்க திண்ணையில செஸ் ஆடிக்கிட்டு "செக்!"னு கத்துறாங்க. ராத்திரி நான் ஆபீஸ் வேலையில உக்காந்தா, திரையில ஒரு செக் பாக்ஸ், டிக் போடுன்னு கேக்குது.

இதெல்லாம் ஒரே சொல்லா? இல்ல, தமிழ்ல எழுதும்போது ஒண்ணா தெரியுற வேற வேற சொற்களா?

இந்தக் கேள்விக்கு எங்க ஆச்சிதான் காரணம். 2019ல, நான் சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. வெளியூர் வியாபாரி ஒருத்தர் எங்ககிட்ட 1,200 நைட்டி எடுத்தார். பீஸ் 155 ரூபா. மொத்தம் 1,86,000. ஜூன் 10 தேதி போட்டு செக் கொடுத்தார். ஆச்சிகிட்ட அப்பா, "பணம் இல்லம்மா, செக்கு கொடுத்திருக்காரு"ன்னு சொன்னார். ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "நைட்டிக்கு எதுக்கு செக்கு? நாம என்ன எண்ணெயா ஆட்டப் போறோம்?"னு கேட்டாங்க. வீடே சிரிச்சுச்சு. நாலு நாள்ல அந்த செக் திரும்பி வந்துருச்சு. அக்கவுண்ட்ல பணம் இல்லன்னு ஒரு துண்டுச் சீட்டும் கூட. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. அந்தப் பணத்துல துணிக்கடைக்காரருக்கு பாக்கி, எட்டுப் பேருக்கு ரெண்டு வாரக் கூலி எல்லாம் இருந்துச்சு.

அந்தக் கதைக்கு மறுபடி வர்றேன். முதல்ல ஆச்சி கேட்ட கேள்வி. செக்கு எது, சிவலிங்கம் எதுன்னு தெரியாதவன்னு நம்ம ஊர்ல திட்டுவாங்க இல்லையா? ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி நிக்கிற கல்லு, ஆனா வேற வேற. சொற்களும் அப்படித்தான். எண்ணெய் ஆட்டுற செக்கு சுத்தத் தமிழ்ச் சொல், கோயம்புத்தூர் சிறையில வ.உ.சி. இழுத்தாரே, அந்தச் செக்கு. பேங்க் செக்குக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. செக் குடியரசுன்னு ஒரு நாடு இருக்கே, அந்த செக்கும் தனி. அது அந்த மக்களோட பேர்ல இருந்து வந்தது. ஆக, ரெண்டு பேரை வெளியே அனுப்பியாச்சு.

மிச்சம் இருக்கிற ஆறும்? யூனிட் செக்கிங், பேங்க் செக், கட்டம் போட்ட செக்டு, அரசியல் செக், செஸ் செக், செக் பாக்ஸ். இந்த ஆறும் ஒரே குடும்பம். ஆறுக்கும் ஒரே தாத்தா. அந்தத் தாத்தாவோட பேர் 'ஷா'.

ஷான்னா பாரசீக மொழியில ராஜா. செஸ் நம்ம பக்கம் பிறந்த ஆட்டம்னு வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க. சதுரங்கம், அதாவது யானை, குதிரை, தேர், காலாள்னு நாலு உறுப்பு உள்ள படை. (படைத்தலைவருக்குத் 'தளவாய்'னு பேர். எங்க ஊர் பேர்லயும் அவர் இருக்கார். இது சும்மா ஊர்ப் பெருமைக்கு.) சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆச்சு, அரபியில 'ஷத்ரஞ்ச்' ஆச்சு. பாரசீகத்துல ஆடினவங்க, எதிராளியோட ராஜாவைத் தாக்கும்போது "ஷா!"ன்னு குரல் கொடுப்பாங்க. 'ராஜா! பார்த்துக்கோ!'ன்னு எச்சரிக்கை. சொல்லாம திடீர்னு ராஜாவைப் பிடிச்சா அது ஆட்டம் இல்லன்னு ஒரு மரியாதை. இப்போ போட்டிகள்ல 'செக்'னு வாயால சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனா திண்ணை ஆட்டத்துல சொல்லாம விட்டா இன்னும் சண்டைதான்.

அந்த ஆட்டம் அரபு மக்கள் வழியா ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போச்சு. ஐரோப்பிய வாய்க்குள்ள ஷா நுழைஞ்சு லத்தீன்ல 'ஸ்காக்கஸ்' ஆச்சு, பழைய பிரெஞ்சுல 'எஷெக்' ஆச்சு, 14ஆம் நூற்றாண்டு வாக்குல ஆங்கிலத்துல 'செக்' ஆச்சு. அந்த பிரெஞ்சுச் சொல்லோட பன்மைதான் 'செஸ்'. அதாவது செஸ்னா 'செக்குகள்', இன்னும் பின்னாடி போனா 'ராஜாக்கள்'. இந்தி பேசுறவங்க இந்தச் சுத்து வழியில போகவே இல்ல. அவங்க இன்னிக்கும் செக்குக்கு 'ஷஹ்'னுதான் சொல்றாங்க. நாமதான் நம்ம பக்கத்து ஆட்டத்துக்கு, பாரசீகச் சொல்லை, பிரான்ஸ் வழியா, இங்கிலாந்துல இருந்து இறக்குமதி பண்ணி வச்சிருக்கோம்.

செக்மேட்டுக்கு 'ராஜா செத்தார்'னு அர்த்தம்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க. அரபியில 'மாத்த'ன்னா செத்தான், அதனால வந்த விளக்கம். ஆனா பாரசீகத்துல 'மாத்'னா திகைச்சுப் போய் வழி இல்லாம நிக்கிறது. ஆட்டத்தைப் பாருங்க, செஸ்ல ராஜாவை யாரும் பலகையில இருந்து எடுக்கிறதே இல்ல. நகர இடம் இல்லாம நிக்க வைக்கிறதோட சரி. எனக்கு ரெண்டாவது விளக்கம்தான் சரியாப் படுது.

இப்போ, 'ராஜா'ங்கிற சொல் எப்படி 'சரிபார்'ங்கிற அர்த்தத்துக்கு வந்துச்சு? இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். செக் சொன்னதும் எதிராளி என்ன பண்ணணும்? நீங்க எவ்வளவு பெரிய திட்டம் வச்சிருந்தாலும் அப்படியே நிறுத்தணும். வேற எந்தக் காயையும் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. முதல்ல ராஜாவைக் கவனிக்கணும். அப்போ செக்னா 'நிறுத்து', 'தடு'. ஆங்கிலத்துல இந்த அர்த்தம்தான் முதல்ல பரவினது. மலையடிவாரத்துல ஓடையை மறிச்சுக் கட்டுறாங்களே செக் டேம், தடுப்பணை, அங்க இருக்கிறது இந்த அர்த்தம். செக்போஸ்ட்ல அது பாதி தடுப்பு, பாதி சோதனை. பேப்பர்ல வர்ற அரசியல் செக்கும் தடுக்கிறதுதான்.

தடுக்கிறதுல இருந்து, தப்பு நடக்காம தடுக்கிறது. தப்பைத் தடுக்கணும்னா பார்க்கணும். ஒண்ணோட ஒண்ணு வச்சு ஒப்பிடணும். 17ஆம் நூற்றாண்டு வாக்குல 'சரிபார்'ங்கிற அர்த்தம் நல்லா நிலைச்சிடுது. எங்க யூனிட்ல செக்கிங் பண்ற அக்கா செய்யுறது இதேதான். தைச்சு வந்த பீஸை உதறி, பிசிர் நூலை வெட்டி, ஜிப் ஓடுதான்னு இழுத்துப் பார்த்து, டேமேஜைத் தனியாப் போடுறாங்க. அவங்க கையைத் தாண்டாம ஒரு பீஸும் பெட்டிக்குள்ள போகாது. தைச்சவங்களே செக் பண்ணக் கூடாதுங்கிறது அம்மாவோட சட்டம். பேங்க் சாஃப்ட்வேர்ல இதே விதி இருக்கு. ஒருத்தர் பதிவு பண்ணணும், இன்னொருத்தர் சரிபார்த்து விடணும். அம்மா எந்த பேங்க்லயும் வேலை பார்த்தது இல்ல.

நம்ம துறையில இருந்து ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். உங்க ஆதார் எண்ணோட 12ஆவது இலக்கம் உங்களைப் பத்தி எதுவும் சொல்லாது. அது முன்னாடி இருக்கிற 11 இலக்கத்தையும் காவல் காக்கிற செக் டிஜிட். ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டை இடம் மாத்தி அடிச்சாலும் அந்தக் கடைசி இலக்கம் ஒத்துப் போகாது. வெர்ஹோஃப்னு ஒரு டச்சுக் கணித அறிஞர் 1969ல கொடுத்த முறை.

சரி, கட்டம் போட்ட துணிக்கு ஏன் செக்டுன்னு பேர்? இதுக்கு ராஜாவோட நேரடித் தொடர்பு இல்ல, அவர் நிக்கிற பலகையோட தொடர்பு. செஸ் பலகை மாதிரி கட்டம், அவ்வளவுதான். சென்னையில 2022ல செஸ் ஒலிம்பியாட் சமயத்துல நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? ஆனா கட்டம் போடுறது நமக்கு இங்கிலாந்து சொல்லித் தந்த விஷயம் இல்ல. பாவுல ரெண்டு மூணு நிறம், ஊடையில ரெண்டு மூணு நிறம் மாத்திக் கொடுத்தா தறியில தானா கட்டம் விழும். செட்டிநாட்டுக் கண்டாங்கியில இருந்து லுங்கி வரைக்கும் எல்லாம் இதுதான். மெட்ராஸ் கைக்குட்டைன்னு பேர் போட்டு நம்ம கட்டத்துணி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு. நைஜீரியாவுல கலபாரி மக்கள் அதைச் சடங்குகளுக்கே வச்சிருக்காங்க. (ஆங்கிலத்துல இந்தத் துணிக்குப் பன்மையில ஒரு பேர் உண்டு. அதைத் தமிழ் எழுத்துல எழுதினா தர்மசங்கடம் ஆயிடும். கட்டம்னே சொல்லிக்குவோம்.)

இந்தக் கட்டத்துணியில இருந்துதான் பணத்துக்குப் போற வழி ஒண்ணு திறக்குது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல, ராஜாவுக்குச் சேர வேண்டிய வரிக்கணக்கை ஒரு பெரிய மேஜையில வச்சுப் பார்ப்பாங்க. ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல்னு ஒரு கஜானா அதிகாரி 1170களின் கடைசியில அதைப் பத்தி ஒரு நூலே எழுதியிருக்கார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேல கறுப்புத் துணி, அதுல கோடு கோடா கட்டம். கட்டத்துல வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கணக்குப் பார்ப்பாங்க. மணிச்சட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு பக்கம் வரி கொண்டு வந்த அதிகாரி, எதிர்ப்பக்கம் கஜானா அதிகாரி. பார்க்க செஸ் பலகை மாதிரியும் இருக்கு, ரெண்டு பேரும் மோதிக்கிறதும் செஸ் மாதிரியே இருக்குன்னு அந்த நூல்லயே விளக்கம் வருது. அதனால அந்தக் கஜானாவுக்கே 'எக்ஸ்செக்கர்'னு பேர் ஆயிடுச்சு. செஸ் பலகைன்னு அர்த்தம். இன்னிக்கும் இங்கிலாந்து நிதி அமைச்சரோட பதவிப் பேர் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்தான்.

அந்த மேஜையில ரசீது எப்படிக் கொடுப்பாங்கன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரு குச்சி. எவ்வளவு பணமோ அதுக்கு ஏத்த வெட்டு போட்டு, குச்சியை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து ஆளுக்குப் பாதி. பின்னாடி தகராறு வந்தா ரெண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பாங்க. வெட்டு ஒத்துப் போகலைன்னா யாரோ கை வச்சிருக்காங்க. ஒரு பாதிக்கு 'ஸ்டாக்', இன்னொரு பாதிக்கு 'ஃபாயில்'. செக் புக்குல நம்மகிட்ட தங்குற அடிக்கட்டைக்கு ஆங்கிலத்துல 'கவுன்டர்ஃபாயில்'னு பேர் இருக்கே, அதுலயும் இந்த 'ஃபாயில்' இருக்கு. இந்தக் குச்சி முறையை நிறுத்தின பிறகு, 1834 அக்டோபர் 16 அன்னிக்கு பழைய குச்சிகளை நாடாளுமன்றக் கட்டட அடுப்புல போட்டு எரிச்சாங்க. கட்டடமே எரிஞ்சு போச்சு. பழைய ஃபைலை அழிக்கப் போய் சர்வரையே அழிச்ச கதை நம்ம துறையில மட்டும் இல்ல.

இப்போ நம்ம பேங்க் செக். 18ஆம் நூற்றாண்டுல 'செக்'னா பணம் கொடுக்கச் சொல்லி எழுதுற தாள் இல்ல. அந்தத் தாளோட அடிக்கட்டைதான் செக். ஏன்னா போலியைத் தடுத்தது அதுதான். தாளையும் கட்டையையும் ஒப்பிட்டா பொய் வெளியே வந்துடும். போகப் போக கட்டையோட பேர் தாளுக்கு ஒட்டிக்கிச்சு. எழுத்துக்கூட்டல்ல 'க்யூ' வந்தது இன்னும் பின்னாடி, எக்ஸ்செக்கரோட சாயல்ல. அமெரிக்கர்கள் அதைச் சேர்த்துக்கல. அவங்க பேங்க் செக்கையும் சோதிக்கிற செக்கையும் இன்னிக்கும் ஒரே மாதிரிதான் எழுதுறாங்க. நம்ம நாட்டுச் சட்டம் 1881ல வந்தது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் அப்படியே நின்னுடுச்சு.

அரபியில 'ஸக்'னு ஒரு சொல் உண்டு, பணம் கொடுக்கச் சொல்லும் எழுத்து. அதுதான் செக் ஆச்சுன்னு ஒரு தகவல் வாட்ஸ்அப்ல சுத்தும். அந்தச் சொல்லும் உண்மை, அந்த வழக்கமும் உண்மை. ஆனா ஆங்கில அகராதிகள் அந்த வழியை ஏத்துக்கல, காரணம் இப்போ சொன்னதுதான்: அடிக்கட்டைங்கிற அர்த்தம் நடுவுல நிக்குது. ஸக்ல இருந்து வந்திருந்தா முதல்லயே தாளுக்கு அந்தப் பேர் வந்திருக்கணும். ஓசையை மட்டும் வச்சு முடிவு பண்ணா ஆச்சியோட எண்ணெய்ச் செக்குதான் வரும்.

2021 ஜனவரியில ரிசர்வ் வங்கி பாசிட்டிவ் பேன்னு ஒரு முறை கொண்டு வந்துச்சு. 50,000 ரூபாய்க்கு மேல செக் கொடுத்தா, செக் எண், தேதி, பேர், தொகை எல்லாத்தையும் கொடுத்தவர் முன்கூட்டியே பேங்க்குக்கு அனுப்பி வைக்கலாம். செக் வந்ததும் பேங்க் ரெண்டையும் ஒப்பிடும். எனக்கு இதைப் படிச்சப்போ பிளந்த குச்சிதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு பாதி செக்ல, இன்னொரு பாதி சர்வர்ல.

ஆனா ஒரு விஷயத்தை இந்த எந்த செக்கும் செக் பண்ணாது. கையெழுத்து உண்மை, தாள் உண்மை, தொகை உண்மை, ஆனா அக்கவுண்ட்ல காசு இல்ல. எங்க அப்பா மாட்டிக்கிட்டது அங்கதான்.

செக் திரும்பி வந்ததும் அப்பா போன் பண்ணார். "அடுத்த வாரம் அண்ணாச்சி"ன்னு பதில். அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம். அப்பா நம்பினார், ஏழு வருஷப் பழக்கம். நான் ஆகஸ்ட் கடைசியில ஊருக்கு வந்தப்போதான் எனக்கே முழுசாத் தெரியும். செக்கை இரும்புப் பெட்டியில பூட்டி வச்சிருந்தார், பத்திரமா இருக்கட்டும்னு. ராஜபாளையத்துல ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் சீட்டுல இருந்த தேதியைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார்.

நான் வக்கீல் இல்ல, ஆனா கடன் சரக்கு கொடுக்கிற ஒவ்வொரு வீட்லயும் இது தெரிஞ்சிருக்கணும். 1989 ஏப்ரல் 1ல இருந்து, பணம் இல்லாம செக் திரும்பினா 138ஆம் பிரிவுப்படி அது குற்றம். ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆனா கடிகாரம் ஓடும். செக் திரும்பின தகவல் பேங்க்ல இருந்து வந்த 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கையில கிடைச்சதும் அவருக்கு 15 நாள். அதுக்குள்ள தரலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார் கொடுக்கணும். போன்ல கேட்டதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. அப்பாவோட 30 நாள் ஜூலை நடுவுலயே முடிஞ்சிருந்துச்சு.

வக்கீல் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் உயிர் இருக்கு"ன்னார். செக் தேதியில இருந்து மூணு மாசம் செல்லும். ஜூன் 10 போட்ட செக், செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் மறுபடி போடலாம். மறுபடி திரும்பினா அந்தத் தேதியில இருந்து புது 30 நாள். இப்படி ரெண்டாவது தடவை திரும்பினதை வச்சும் வழக்கு நடத்தலாம்னு 2012ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. செப்டம்பர் தொடக்கத்துலயே போட்டோம். எதிர்பார்த்த மாதிரியே திரும்பி வந்துச்சு. அதே வாரம் பதிவுத் தபால்ல நோட்டீஸ் போச்சு. அப்பா வாழ்க்கையில ஒரு செக் திரும்பி வந்ததுக்கு மூச்சு விட்டது அன்னிக்குத்தான்.

பன்னிரண்டாவது நாள் அந்த அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். பஸ்ல. மஞ்சப்பையில ஒரு லட்சம் ரொக்கம். அவருக்கும் ஒரு கடைக்காரர் கொடுத்த செக் திரும்பி வந்திருக்கு, அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே மூணு மாசம் ஓட்டியிருக்கார். ஆச்சி காப்பி கொடுத்தாங்க. மீதி 86,000க்கு அவர் பைக்குள்ள இருந்து செக் புக்கை எடுத்தார். அப்பா கையைப் பிடிச்சுட்டார்.

"செக் வேண்டாம் அண்ணாச்சி. வர வர அக்கவுண்ட்ல போட்டு விடுங்க."

எனக்குக் கோபம். மீதிக்கு கேஸ் போடலாம், நாள் இருக்குன்னேன். "கேஸ் போட்டா பணம் வரும் ராசா, ஆள் வரமாட்டாரு"ன்னார் அப்பா. ராத்திரி பூரா வாக்குவாதம். எனக்கு இன்னும் முழுசா ஒப்புதல் இல்ல. புகார் கொடுக்கிற ஒரு மாசமும் அப்படியே போச்சு. பொங்கலுக்கு முன்னாடி நாலு தவணையா 86,000மும் வந்துருச்சு. செக்கை அப்பாவே கிழிச்சுப் போட்டார். அந்த அண்ணாச்சி இப்பவும் எங்ககிட்ட சரக்கு எடுக்கிறார். நேத்து செக்கிங் முடிஞ்ச பூப்போட்ட லாட் அவருக்குத்தான். பாதிப் பணம் முன்னாடியே வந்த பிறகுதான் பெட்டியை வண்டியில ஏத்தினாங்க.